கூரையில் ஆடிய வெளிச்சம்

பத்தொன்பது மணி நேரமாக ஸ்வர்ணலதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை, அது அவளுக்கு வராது. வாயின் இரண்டு ஓரங்களும் தாமாக மேலே போய்விடுகின்றன. இறக்கிவிட்டால் மறுபடி ஏறுகின்றன. தூக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், காலையில் கன்னம் வலித்தது.

அடையாறில் லென்ஸ் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு லென்ஸையும் ஒளிக்கற்றையின் முன்னால் வைத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்துகொண்டவள் அவள். அன்று காலை முழுக்க ஒரு லென்ஸைக்கூட அவளால் தள்ளிவைக்க முடியவில்லை. எல்லாமே நன்றாக இருப்பது போலத் தெரிந்தது.

"நேத்திக்குப் பொண்ணு பாத்துட்டுப் போனாளாமே. பையன் அவ்வளவு அழகா?" என்றார் மேலாளர் காமாக்ஷி.

ஸ்வர்ணலதா குனிந்துகொண்டாள். வாய் ஓரம் ஏறியது.

"சரி சரி, புரியறது."

எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அவளுக்குத்தான் புரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா இசக்கிமுத்துவின் வீட்டுக்கு, மயிலாப்பூரில் அரிசிக்கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் பாலகணேஷ். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சென்னைக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும் கல்யாணப் பேச்சு மட்டும் அந்த ஊர் முறைப்படிதான் நடக்கும்.

இசக்கிமுத்து கடையிலிருந்து புதுத் தட்டும் புது டம்ளர்களும் கொண்டுவந்திருந்தார். ஒரு கீறல் இல்லாத எவர்சில்வர். ஸ்டிக்கரை உரிக்க நேரமில்லை.

"அடியிலதான ஒட்டியிருக்கு. யாரும் கவுத்தா பாக்கப் போறாவ?" என்று அம்மா தங்கம் காப்பியை ஊற்றித் தட்டை மகள் கையில் கொடுத்தாள். "நிமிராத. நடுங்காத. போ."

நிமிராமல் போனாள். நடுங்காமல் போக முடியவில்லை.

கூடத்தின் மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் காலை வைத்ததும் தட்டு பற்றிக்கொண்டது போல் ஒளிர்ந்தது. எதிர்ச் சுவரின் மேல்பகுதியிலும் கூரையிலும் ஒரு பெரிய வெளிச்சம் எழுந்தது. ஒவ்வொரு டம்ளரும் அதற்குள் ஒரு வளைந்த கோட்டை எறிந்தது. அந்தக் கோடுகள் ஆடின. துள்ளின. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கின.

அதில் புரியாதது எதுவும் இல்லை. தட்டு ஒரு பங்கு சாய்ந்தால் வெளிச்சம் இரண்டு பங்கு நகரும். எட்டாம் வகுப்புப் பாடம். கூரையில் ஆடுவது அவளுடைய கை நடுக்கம். அவளுடைய பயம், இரண்டு மடங்காக, எல்லோருடைய தலைக்கும் மேலே நடனமாடிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழகாக இருந்தது.

அதற்கு மேல் நடந்ததற்குத்தான் அவளிடம் சொல் இல்லை. ஒரு கை வந்து ஒரு டம்ளரை எடுத்தது. மேலே ஒரு கோடு காணாமல் போனது. மற்றவை இடம் மாறி ஆடின. அவ்வளவுதான். அவள் கூரையைப் பார்த்தபடி பல் தெரியச் சிரித்தாள்.

அவர்கள் முறைப்படி பெண் பார்க்கும்போது பெண் நிமிரமாட்டாள். நிமிர்ந்தாலே பாதிச் சம்மதம். பல் தெரியச் சிரித்தால் தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி.

"பொண்ணு சிரிச்சிருச்சு," என்றாள் பாலகணேஷின் அம்மா, கண் கலங்கி.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதியாகிவிட்டது என்று பொருள். பிறகு மாற்றினால் ஒரு குடும்பத்தின் கடையில் மற்றக் குடும்பம் பொருள் வாங்காது.

அவர்கள் செருப்பை மாட்டும்போதுதான் ஸ்வர்ணலதாவுக்கு உறைத்தது. அவள் கூரையைப் பார்த்தாள், கோடுகளைப் பார்த்தாள், டம்ளரை எடுத்த விரல்களைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தரகர் அனுப்பிய புகைப்படம் அம்மாவின் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். குற்றால அருவியில் ஒருவன் நின்றான். தலையில் துண்டு, கண்ணில் கூலிங் கிளாஸ், மீதி முகத்தில் தண்ணீர்.

இதை நினைத்தும் சிரிப்பு வந்தது.

*

திங்கள் மாலை ஜுவேரியா ஸ்கூட்டியில் வந்து அவளை ஏற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. இப்போது தத்துவத்தில் முதுகலை படிக்கிறாள். வீட்டுக்கு வஞ்சிரம் வாங்க வேண்டும் என்று பட்டினப்பாக்கத்தில் மீன் கடைகளின் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னாடி, மூஞ்சில லைட் போட்டா மாதிரி கீது? லவ்வா?"

"தெரியல."

"பிசிக்ஸ்காரி தெரியலன்றா. தேதியைக் குறிச்சு வைக்கணும்."

"நெஜமா தெரியல, ஜுவே. காரணம் கண்டுபிடிக்கலாம்னு பாத்தேன். ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சிருக்கலாம். பயம் விலகினதும் வர்ற நிம்மதியா இருக்கலாம். எல்லாம் சரியாத்தான் வருது. ஆனா எதுவும் அது இல்ல."

ஜுவேரியா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுடைய பாடத்தில் கை வைத்தால் அவளுக்கு உடனே குரல் மாறிவிடும்.

"காரணத்தை விடு. எங்க பேப்பர்ல ஒரு யூனிட் முழுக்க இதான். ஏன், எதுக்கு, நெஜமா பொய்யா, எல்லாத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு மூடிரு. உனக்கு எப்படித் தெரிஞ்சுதோ அதை மட்டும் சொல்லு."

"கூரையில வெளிச்சம் இருந்துச்சு."

"ம்."

"ஆடுச்சு. அது என் பயம். ஆனா அது அங்க இருந்துச்சு, எங்கிட்ட இல்ல."

"ம், அப்புறம்?"

"எல்லாம் இருந்துச்சு."

"இன்னா எல்லாம்?"

"சோபா. கடிகாரம். வாசல்ல கெடந்த செருப்பு. எல்லாம்."

"அது தெனமும் இருக்கறதுதானே, லூசு."

"ஆமா," என்றாள் ஸ்வர்ணலதா. "அதான்."

கடல் காற்றில் இருவர் தலைமுடியும் பறந்தது. பலகையில் கிடந்த மீன்களின் மேல் மாலை வெயில் பட்டு வெள்ளி வெள்ளியாக நழுவியது. ஸ்வர்ணலதா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"நாம எதைப் பாத்தாலும் ஒரு பாத்திரம் ரெடியா வச்சிருப்போம்," என்றாள் ஜுவேரியா மெதுவாக. "வர்றது அதுக்குள்ள அடங்கிடும். நாற்காலின்னா நாற்காலி, காப்பின்னா காப்பி. சில சமயம் மட்டும் பாத்திரம் கொள்ளாம வந்து விழுமாம். அப்ப மனசு திக்குமுக்காடும். உனக்கு வந்தது அதான்னு வச்சுக்கோ. உங்க அப்பா கடையில இருக்கற பெரிய அண்டாகூடப் பத்தாது."

"அப்ப என்ன பண்றது?"

"அது வரைக்கும் சிலபஸ்ல இல்ல."

"யம்மா, மீனு வாங்கறியா, கத பேசிக்கினு கீறியா?" என்றாள் மீன்காரப் பெண். பிறகு ஸ்வர்ணலதாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஓ, இதுக்குக் கல்யாணமா? சொல்லக் கூடாதா? மீன் தலையும் சேத்துப் போட்டுத் தர்றேன், எட்துகினு போ."

இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். ஸ்வர்ணலதாவுக்குச் சத்தமும் வந்தது. அதை நிறுத்திக்கொண்டு, இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "ஜுவே, இன்னொண்ணு இருக்கு. அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வாய் ஓரங்கள் காது வரை போய்விட்டன.

ஜுவேரியா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "அடிப்பாவி. அடைப்புக்குறிக்குள்ள அவனைத்தான் போட்டு மூடி வச்சிருக்கியா?"

*

புதன்கிழமை பாலகணேஷ் போன் செய்தான். இரு வீட்டாரும் அனுமதி கொடுத்த போன். தங்கம் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாலகணேஷ் பேசுதேன். அரிசிக்கடை."

"ம்."

"சாப்பிட்டாச்சா?"

"ம்."

"நானும்."

மறுமுனையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. நல்ல குரல் என்று அவள் நினைத்தாள். அந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட மூக்கு இருக்கும் என்று யோசித்தாள்.

"ஒண்ணு சொல்லணும்ங்க. தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நீங்க சிரிச்சப்ப நான் பின்னால திரும்பிப் பாத்தேன். கவனிச்சீங்களா?"

"இல்ல."

"பாத்தேன். பின்னால காலண்டர்தான் தொங்குச்சு. காலண்டரைப் பாத்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டாங்கள்ல? அப்ப எனக்குத்தான்னு முடிவு பண்ணினேன்." அவன் மூச்சு வாங்கினான். "இதுக்கு முன்னால போன வீட்டுலெல்லாம் தரையப் பாத்துட்டு உள்ள போயிருவாங்க. ஒருத்தங்க கொட்டாவி விட்டாங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு. பொன்னி கேட்டவங்களுக்கு இட்லி அரிசி போட்டுட்டேன். அப்பா கல்லாப் பக்கமே வராதன்னுட்டாரு. நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன ஏதுன்னு சொல்லத் தெரியல. உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவனுக்கும் வந்திருந்தது, அதே வெளிச்சம், அவளுடைய சிரிப்பின் வழியாக. கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் பிம்பம் போல. பின்னால் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குள் விழும் வெளிச்சத்தில் பொய் கிடையாது. அதைப் போய் எப்படி அணைப்பது?

அணைக்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை பூ வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த வெளிச்சத்துக்கு அவன் பெயர்தான். அவளே சொன்னாலும் மாறாது. அவனையும் ஒருநாளும் சும்மா, புதிதாக, ஒரு மனிதனைப் பார்ப்பது போலப் பார்க்க முடியாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பூ வைப்பதற்கு முன்னால் அவனை ஒரு முறை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், சரி என்றோ வேண்டாம் என்றோ.

"நான் அன்னைக்கு மேல..." என்றாள்.

"மேல?"

அம்மாவின் கை துணியின் மேல் நின்றது. அம்மாவின் காது இரண்டு அங்குலம் பக்கத்தில் வந்தது.

"மேல படிக்கலாம்னு நெனச்சேன்."

"தாராளமா படிங்க," என்றான் பாலகணேஷ். "எங்க வீட்டுல யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. இப்பவே அம்மாட்ட சொல்லிடுதேன்."

இரவுச் சாப்பாட்டுக்குள் செய்தி சுற்றி வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க வைக்கணும்னு கண்டிஷனா கேட்டிருக்கா," என்று இசக்கிமுத்து எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்வது படிக்கட்டு வரை கேட்டது. "வாயே தொறக்காத பிள்ளை. மாப்பிள்ளைட்ட மட்டும் எப்படிப் பேசுதா பாருங்க."

*

வியாழக்கிழமை மாலை அம்மா பூஜை அறை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணலதா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நான் சிரிச்சேன்ல. அது அவரைப் பாத்து இல்ல."

தங்கம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி."

"தெரியுமா?"

"மேல பாத்துச் சிரிச்ச. அங்க என்ன இருந்துச்சோ, பல்லி இருந்துச்சோ. எதுவா இருந்தா என்ன?" அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கணவர் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் உங்க அப்பாவைப் பாத்துச் சிரிச்சேன்னுதான் எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. உங்க அப்பாவும் அதத்தான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்காவ."

"நீ அப்பாவைப் பாத்துச் சிரிக்கலையா?"

"அவுகளுக்குப் பின்னால ஒரு ஆடு நின்னுச்சு. புது வேட்டி. நுனியைத் தின்னுட்டே இருந்துச்சு. அவுக கௌரவமா நிக்காவ, ஆடு மெல்லுது." தங்கத்தின் தோள் குலுங்கியது. புளிக் கையால் வாயை மூடிக்கொண்டாள். "முழங்கால் வரை போயிருச்சுட்டி. யார்ட்டயும் சொல்லிராத."

ஸ்வர்ணலதா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். கண்ணீர் வந்தது, நிற்கவில்லை. குத்துவிளக்கு ஒன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

அப்படியும் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு ஆட்டை இவ்வளவு காலம் மறைத்து வைத்துக்கொண்டு, நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். தானும் ஒரு தட்டை மறைத்துக்கொள்ளலாம். பாலகணேஷ் சந்தோஷமாக இருப்பான். குரல் வேறு நன்றாக இருக்கிறது.

"அம்மா, அன்னைக்கு அப்பா மூஞ்சியையும் பாத்தியா?"

"பாக்காம? ஆட்டுக்கு முன்னாலதான நின்னாவ." தங்கம் கண்ணைத் துடைத்தாள். "நல்லாத்தான் இருந்தாவ அப்போ. ஏன் கேக்க?"

"ஒண்ணுமில்ல."

*

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கார்களில் வந்தார்கள். பூ வைப்பதற்குப் பெண்கள்தான் வருவார்கள், மாப்பிள்ளை வரக் கூடாது. ஆனால் ஒரு காருக்கு டிரைவர் கிடைக்காததால் பாலகணேஷே ஓட்டி வந்திருந்தான். "அவன் மேல வரமாட்டான், கீழயே நிப்பான்," என்று அவன் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஸ்வர்ணலதா பால்கனிக்கு ஓடினாள். மூன்று மாடி கீழே, ஒரு தலை தெரிந்தது. அடர்ந்த முடி. நடுவில் ஒரு சுழி. அந்தத் தலை நிமிராமல், கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த பறவை எச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தது. நிமிரட்டும் என்று அவள் காத்திருந்தாள். கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"ஏட்டி, உள்ள வா. நேரமாச்சு."

கூடத்தில் பாய் விரித்து அவளைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பெண்கள். தட்டுகளில் வெற்றிலை, பழம், ஒரு பட்டுப் புடவை. ஜுவேரியா சுவரோரம் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். இசக்கிமுத்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

பாலகணேஷின் அம்மா எழுந்து வந்தாள். கையில் மல்லிகையும் கனகாம்பரமும் நெருக்கிக் கட்டிய சரம். பின்னால் வந்து குனிந்தாள். பூவின் ஈரம் ஸ்வர்ணலதாவின் கழுத்தைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது. அந்தச் சிரிப்பு மறுபடி எங்கிருந்தோ கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. எல்லாம் இருந்தது. பாய், வெற்றிலை, அப்பாவின் கண், கீழே ஒரு தலைச் சுழி.

"முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி," என்றாள் பாலகணேஷின் அம்மா.

"அதான் அன்னைக்கே சிரிச்சுட்டாளே மதினி," என்றார் இசக்கிமுத்து. "அதுக்கு மேல என்ன கேக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இருந்தாலும் பிள்ளை வாயால கேக்கணும்ல. சொல்லு தாயி. எம் பையனைப் பிடிச்சிருக்கா?"

ஸ்வர்ணலதா தலையைத் திருப்பினாள். கழுத்திலிருந்து பூ விலகியது. நிமிர்ந்து, அந்த அம்மாவின் கண்களை நேராகப் பார்த்தாள். வாய் ஓரங்கள் இரண்டும் மேலே போயிருந்தன. இறக்க முயலவில்லை. அந்தச் சிரிப்போடேயே, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, அவள் வாழ்க்கையில் இதுவரை பேசியதிலேயே உரக்கச் சொன்னாள்:

"அத்தை, நான் இன்னும் அவர் முகத்தைப் பாக்கவே இல்ல."